சத்தம் மட்டும் நின்றது

கள்ளக்குறிச்சியில் வீடு, மலைமேல் வேலை. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீஷியன். பஸ்ஸை நம்பிப் போனால், ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்கள் மத்தியானம்வரை அப்படியே காத்திருக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் கார் ஓட்டப் பழகினேன். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி அடுத்த தெருவில் குடியிருந்தாள். அவளும் என் காரில்தான் வருவாள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட வயதில் சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

போன வருடம் மழை ஓய்ந்த சமயம், கோமுகி அணைப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது. கீச், கீச், கீச். துருப்பிடித்த கிணற்று உருளை சுற்றுகிற மாதிரி. வண்டி வேகமாகப் போனால் வேகமாக, மெதுவாகப் போனால் மெதுவாக. பின்பக்கம் இருந்துதான் வந்தது.

"அக்கா, யாரோ பின்னாடி சைக்கிள் மிதிச்சிகினு வராப்பல இருக்குது" என்றாள் நர்ஸ்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். பைக்கில்தான் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை எடுப்பார், மாதா கோயிலுக்கும், பூசை முடிந்து நைனார்பாளையத்தில் இருக்கும் அவருடைய அம்மா வீட்டுக்கும். சாவியை வாங்கிக்கொண்டு போய்த் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"ஒரு சத்தமும் இல்ல. நீ ஹேண்ட் பிரேக்க எடுக்காத ஓட்டியிருப்ப."

"எடுத்துட்டுதான் ஓட்டனேன்."

"பாதி எடுத்திருப்ப."

சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அப்போதே எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும்.

அவர் ஓட்டும்போது சத்தம் வராததற்குக் காரணம் எனக்குச் சில நாட்களில் புரிந்தது. வண்டி நன்றாக ஓடிச் சூடான பிறகுதான் அது ஆரம்பிக்கும். தெருவைச் சுற்றுகிறவருக்குக் கேட்காது. மலைக்குப் போகிறவளுக்குக் கேட்கும். இதையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அவருடைய பள்ளிக்கூடக் காலத்து நண்பரிடம் காரை விட்டார். அந்த நண்பர் சங்கராபுரம் போகும் சாலையில் ஒரு ஷெட் வைத்திருந்தார். எங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் அடுப்படிவரை வந்து "அண்ணி, காப்பி" என்று உரிமையாகக் கேட்கிறவர்.

அவரும் ஷெட்டில் இருந்து மார்க்கெட் முனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே கேக்கலிங்களே அண்ணி" என்றார். சக்கரத்தில் கல் சிக்கியிருக்கும், விழுந்திருக்கும், என்றார். பெண்கள் வண்டி ஓட்டும்போது காது கூர்மையாகிவிடும், இல்லாத சத்தமெல்லாம் கேட்கும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு என் கணவரைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், என் காரின் பக்கத்தில், என் பெயரில் இருக்கும் காரின் பக்கத்தில்.

எனக்கு வாய்த்த வேலையே காரணத்தைத் தேடுவதுதான். காய்ச்சல் என்று ஒருவர் வந்தால், அவருக்கு எது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், மிச்சம் இருப்பதைப் பிடிப்போம். கார் மட்டும் என்ன? நானே பார்க்கிறேன் என்று முடிவு செய்தேன்.

முதலில் டிக்கியைக் காலி செய்தேன். ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போனோம். சத்தம் அப்படியே இருந்தது. டயரின் பள்ளங்களில் விரலை விட்டுத் தடவிக் கல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மறுநாள் நர்ஸைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லி, கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டினேன். அவள் ஒரு பக்கம் காதை வைப்பாள், அப்புறம் நகர்ந்து மறுபக்கம் வைப்பாள். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களை விநோதமாகப் பார்த்தார்கள்.

"லெப்ட் சைடுதான்க்கா. சத்தியமா லெப்ட் சைடு" என்றாள்.

வேகத்தடைகளில் ஏற்றி இறக்கினேன். குலுங்கும்போது சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியானால் ஸ்பிரிங் பக்கம் இல்லை. மலைப்பாதை வளைவுகளில் கவனித்தேன். சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருந்தால் வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது இரைச்சல் மாறும் என்று எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். இடது வளைவு, வலது வளைவு, எதிலும் மாறவில்லை. கடைசியாக, மேலே சமதளமான ஒரு இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை லேசாக, மிக லேசாக மிதித்தேன். சத்தம் சட்டென்று நின்றது. காலை எடுத்தேன். கீச், கீச், கீச்.

"அக்கா!" என்று நர்ஸ் கத்தினாள்.

நிலையத்துக்குப் போனதும் இறங்கி, பின்சக்கரங்களின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தேன். வலது பக்கம் வெதுவெதுப்பு. இடது பக்கம் விரலை வைக்க முடியவில்லை. தோசைக்கல் மாதிரி சுட்டது. நாங்கள் இருவரும் அந்தச் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஏதோ பரீட்சையில் பாஸ் ஆனவர்களைப் போலச் சிரித்தோம். இடது பின்சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வருகிறது. காலை எடுத்தாலும் அது விடுவதில்லை. ஏன் விடுவதில்லை என்பதைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். எது, எங்கே என்பதை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம்.

இதை அப்படியே ஷெட்டில் போய்ச் சொன்னேன். கணவரும் கூட இருந்தார். நண்பர் ஒரு டம்ளர் டீயைக் குடித்தபடி கேட்டார். முடித்ததும், "லேப்புல வேல பாத்துகினு மெக்கானிக் வேலையும் பாக்கறாங்க அண்ணி. என் பொழப்புல மண்ணு" என்றார்.

"சிரிக்காதீங்க. அந்தச் சக்கரத்தக் கழட்டிப் பாருங்க."

"பாக்கறங்க அண்ணி. வண்டிய வுட்டுட்டுப் போங்க."

மறுநாள் மாலை கார் வீட்டுக்கு வந்தது. அதற்கு அடுத்த நாள் மலைக்குப் போய் வந்தோம். வெள்ளிமலைவரை ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. திரும்பி வந்ததும் போன் செய்து அந்த ஆளுக்கு நன்றி சொன்னேன். இதை எழுதும்போது எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான். நன்றி சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்றும் சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில், வேலை முடிந்த பிறகு, நர்ஸின் ஊருக்குப் போனோம். வெள்ளிமலையில் இருந்து உள்ளே போகும் ஒரு கிளைச் சாலை, அதன் கடைசியில் சில வீடுகள். அவளுடைய அப்பாவுக்குக் கீழே இருந்து உர மூட்டை ஒன்று வாங்கி வந்திருந்தோம். டிக்கியில் கிடந்தது. அவர்கள் வீடு ஒரு மேட்டில் இருக்கிறது. வீட்டு வாசலுக்குப் போகும் பாதை நல்ல ஏற்றம். ஏறிப் போய் வாசலுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினேன். மூட்டையை இறக்கிவிட்டு உடனே கிளம்புவதுதானே என்று இன்ஜினை அணைக்கவில்லை. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டு, பிரேக்கில் இருந்து காலை எடுத்தேன்.

நர்ஸ் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தாள். அவளுடைய அப்பா சாமைக் கொல்லையில் இருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா, வாங்க, எறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே காரின் பின்னால் போனார். டிக்கியைத் திறந்தார். மூட்டையை இழுத்தார்.

கார் நகர்ந்தது.

முதலில், அவர் மூட்டையை இழுப்பதால் வண்டி ஆடுகிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம் முன்னால் இருந்த முருங்கை மரம் என்னைவிட்டு விலகிப் போவது தெரிந்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்து, "அப்பா!" என்று அலறினாள். நான் பிரேக்கை மிதித்தேன். எந்த அளவுக்கு மிதித்தேன் என்றால், மறுநாள் தொடை முழுக்க வலித்தது. கார் நின்றது. கண்ணாடியில் அவரைக் காணவில்லை.

காலை எடுத்தால் வண்டி மறுபடி உருளும். இறங்கவும் முடியாது. கியரைப் போட்டு இன்ஜினை அணைத்து, அப்போதும் பிரேக்கில் இருந்து காலை எடுக்காமல், "கல்லு போடுங்க! சக்கரத்துக்குக் கல்லு போடுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடி வந்து பெரிய பெரிய கற்களாகப் போட்டார்கள். இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவர் பாதையோரம் மல்லாந்து கிடந்தார். வண்டி இடித்துத் தள்ளியதில் பக்கவாட்டில் விழுந்திருக்கிறார். கார் அவர்மேல் ஏறவில்லை. ஆனால் அவருடைய காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. உர மூட்டை கிழிந்து வெள்ளை வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது.

மகள் அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். அந்த நேரத்திலும் அவள் நர்ஸாகவே இருந்தாள். விரல்களை மடக்கச் சொன்னாள், தோளைத் தொட்டாள், கழுத்தைத் திருப்பச் சொன்னாள். "மணிக்கட்டு ஒடைஞ்சிருக்குதுக்கா" என்றாள். குரல் நடுங்கவில்லை. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் அவர். "அவங்க இன்னா பண்ணுவாங்க? வண்டிதான நவுந்துச்சி."

அண்டை வீட்டுக்காரரின் ஜீப்பில் அப்பாவையும் மகளையும் எங்கள் நிலையத்துக்கே அனுப்பி வைத்தோம். நானும் வருகிறேன் என்றேன். எடம் இல்லக்கா என்று சொல்லிவிட்டாள். இடம் இருந்தது.

காரோடு நான் தனியாக நின்றேன். ஹேண்ட் பிரேக் கைப்பிடி நான் இழுத்துவிட்டபடியே நிமிர்ந்து நின்றது. ஓடி வந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, கற்களை நகர்த்தி நகர்த்தி, காரைச் சமமாக இருந்த களத்துக்குக் கொண்டுவந்தேன். ஜாக்கியை எடுத்து இடது பின்பக்கத்தைத் தூக்கினேன். ஹேண்ட் பிரேக் இழுத்தபடி இருக்கும்போதே சக்கரத்தைக் கையால் தள்ளினேன். லேசாக உரசிக்கொண்டு சுற்றியது. இம்மிகூட அசையக் கூடாத சக்கரம் சுற்றியது. வலது பக்கத்தைத் தூக்கினேன். அதுவும் சுற்றியது.

குனிந்து சக்கரத்தின் உள்பக்கத்தைப் பார்த்தேன். கறுப்பாக, ஈரமாக, எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தது. பிரேக் ஆயில் ஒழுகுகிறதோ என்று பானெட்டைத் திறந்து அதன் டப்பாவைப் பார்த்தேன். கோடுவரை நிறைந்திருந்தது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. விரலில் அந்த ஈரத்தைத் தொட்டு முகர்ந்தேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். எங்கள் லேப்பின் கதவு கிறீச்சிட்டால் கீலில் அடிப்போமே, டப்பாவில் வரும் துரு நீக்கும் ஸ்பிரே எண்ணெய், அது.

விரலைப் புல்லில் துடைத்தேன். உரசிப் பிடித்து வண்டியை நிறுத்த வேண்டிய பட்டையில் எண்ணெயை அடித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் இல்லை, இரண்டு பக்கமும். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும்; காலால் மிதித்தபோது காரை நிறுத்தியது முன்சக்கரங்களின் பிரேக்.

போனில் சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி மேட்டுக்கு ஏறிப் போய் அந்த நண்பரைக் கூப்பிட்டேன்.

"பின்னாடி சக்கரத்துல இன்னா செஞ்சீங்க?"

"ஏங்க அண்ணி, மறுபடி சத்தம் வருதா?"

"சக்கரத்தக் கழட்டனீங்களா?"

"அதுக்கு எங்கிங்க நேரம்? பின்னாடி ஒரு சின்ன ஓட்ட இருக்கும், அதுவழியா ஸ்பிரே அடிச்சி வுட்டேன். கொஞ்சம் ஜாஸ்தியாவே அடிச்சேன். எல்லாம் அண்ணன் சொல்லித்தாங்க. வூட்டுல தொணதொணன்னுகினு இருக்காங்க, சத்தம் வராத மட்டும் பாத்துக்கடான்னாரு."

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "அடப்பாவமே" என்றார். பிறகு, "ஏத்தத்துல கியர்ல போட்டு நிறுத்தறதுதாங்களே அண்ணி, மொற?" என்றார்.

அவரிடம் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று பார்த்தார்.

காரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் மலையிறங்கினேன். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும், இதே காரில், இதே பிரேக்கில், வாரம் முழுக்க இறங்கியிருக்கிறோம் என்ற நினைப்பு வந்தது. பக்கத்து சீட்டில் அவள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

வீட்டில் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அதை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இல்லை என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நான் இன்னா, பிரேக்ல எண்ணெ அடிக்கச் சொன்னேனா? சத்தத்த நிறுத்தச் சொன்னேன். அவன் இப்டிப் பண்ணுவான்னு எனக்குத் தெரியுமா?"

"எங்க சத்தம் வருதுன்னு நான் சொன்னேன். எதனால வருதுன்னு சொன்னேன். தொட்டுப் பாத்து, சுடுதுன்னு சொன்னேன். நீங்க அவருகிட்ட சொன்னது இன்னா? தொணதொணப்ப நிறுத்துன்னு சொன்னீங்க. காருக்கு வைத்தியம் பாக்கச் சொல்லல. எனக்குப் பாக்கச் சொன்னீங்க."

"தமாசுக்குச் சொன்னது."

"அவரு கை ஒடைஞ்சிருக்குது."

அவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். கோபம் வந்தால் நான் அழுதுவிடுவேன் என்று நினைத்துத்தான் போனார் என்று நினைக்கிறேன். நான் அழவில்லை. நாளைக்கு என்னோடு மலைக்கு வந்து அந்தப் பெரியவரைப் பார்க்க வேண்டும் என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

வந்தார். சின்னசேலத்தில் இருந்து வேறொரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் களத்திலேயே சக்கரங்களைக் கழற்றினார். இடது பக்கத்தில் ஹேண்ட் பிரேக்கின் கேபிள் அதன் உறைக்குள்ளேயே துருப்பிடித்துச் சிக்கியிருந்தது. இழுத்தால் போகும், விட்டால் திரும்பாது. அதனால்தான் பட்டை விடாமல் உரசி, சூடாகி, கண்ணாடி மாதிரி வழவழத்துப்போய்க் கத்தியிருக்கிறது. அதன்மேல் எண்ணெய். கேபிளையும் இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் மாற்றினார். வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

பெரியவர் கையில் மாவுக்கட்டோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கணவர் பழப் பையை வைத்துவிட்டு, "மன்னிச்சிக்கங்க, வண்டி கொஞ்சம் பழைய வண்டிங்க, அதான்..." என்று ஆரம்பித்தார்.

"வண்டி பழசுங்கறதால இல்லீங்க ஐயா" என்றேன் நான். "சத்தம் வருது, பிரேக்ல கோளாறுன்னு நானும் உங்க பொண்ணும் கண்டுபுடிச்சோம். இவரும் இவரு சிநேகிதரும் நம்பல. சத்தத்த நிறுத்தறதுக்கு பிரேக்ல எண்ணெய அடிச்சி வுட்டாங்க. அதான் வண்டி நிக்கல."

கணவர் தரையைப் பார்த்தார். பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு அவரை வெகுநேரம் பார்த்தார். "தெரிஞ்சே செஞ்சாங்களா?" என்று மட்டும் மகளிடம் கேட்டார். அவள் பழப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கை கூடிவிட்டது. ஆனால் பழையபடி மண்வெட்டி பிடிக்க முடியவில்லை என்று அவள் சொன்னாள். அந்தப் போகம் சாமை அறுப்புக்கு அவர் இறங்கவில்லை. நாங்கள் இருவரும் இப்போதும் ஒரே காரில்தான் போகிறோம், வருகிறோம். கொஞ்ச நாள் பேச்சு இல்லாமல் போனோம், பிறகு பேச ஆரம்பித்தோம். இறங்கினால் அவள் காரின் பின்பக்கமாக மட்டும் நடப்பதில்லை. முன்பக்கம் சுற்றித்தான் போவாள். அவளுக்கே தெரிகிறதோ என்னவோ, எனக்குத் தெரிகிறது.

கணவர் தாமதமாக, ஒருநாள் சமையலறையில், என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார். கேட்டுக்கொண்டேன். அவருடைய நண்பரோடு அவர் பேசுவதை நான் தடுக்கவில்லை, தடுக்க நான் யார்? வீட்டுக்கு மட்டும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு என் மாமியார், "பாவம், அவனும் ஒரு புள்ள மாதிரிதான, கேக்காவது குடுத்தனுப்பு" என்றார். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போன மாதம் மார்க்கெட்டில் அந்த ஆள் எதிரே வந்துவிட்டார். வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தேன். தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணி, வண்டி நல்லா ஓடுதுங்களா?"

"ஓடுது."

"இன்னுமா கோவம்? தெரியாத நடந்துபோச்சிங்க அண்ணி."

"தெரியணும்னுதான் வந்து சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன். ஆமா, இன்னும் கோவம்தான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனேன். தக்காளி அங்கேதான் நன்றாக இருந்தது.